ரோவர் விருதுக்குப் போகிறவர்களே, லாக் புக்கை ஒரே ராத்திரியில் எழுதாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் நம் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ முடிந்ததும் சாரணர் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். பரீட்சையில் சாரணருக்குக் கூடுதலாகத் தருகிற கிரேஸ் மார்க் வாங்கியாச்சு, இனி எதுக்கு என்று கேட்கிறார்கள். காலேஜ் வயதுக்குத்தான் திரிசாரணர் பிரிவு, அதாவது ரோவர், இருக்கிறது. 1918இல் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இதைத் தொடங்கியதே வளர்ந்த பையன்களுக்காகத்தான். நம் பாரத் சாரண சாரணியர் இயக்கத்தில் 25 வயது வரை இருக்கலாம், பெண்களுக்கு ரேஞ்சர்.

ரோவரின் படிகள் வரிசையாக இதுதான்: பிரவேஷ், பிரவீண், நிபுண், மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார், கடைசியில் ராஷ்டிரபதி விருது. எதையும் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று கணக்கு உண்டு. அதனால் சேர்ந்த அன்றே ரோவர் லீடரிடம் உட்கார்ந்து, உங்கள் 25வது பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த மாதம் எந்தப் படி என்று குறித்துக்கொள்ளுங்கள். 22 வயதில் பிரவேஷ் வாங்குகிறவருக்கு அப்புறம் ஓட்டம்தான்.

பிரவேஷ் சுலபம். உறுதிமொழி, ஒன்பது விதிகள், சல்யூட், இடது கை குலுக்கல், கொடி பற்றிய விவரம். இதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

பிரவீணிலிருந்து கை வேலை வந்துவிடும். முடிச்சுகளை மொபைலில் பார்த்து மட்டும் கற்காதீர்கள், விரலுக்குப் பழக வேண்டும். இரண்டு மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்துக் கட்டுகிற ஸ்கொயர் லாஷிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற மூங்கிலில், குறுக்கு மூங்கிலுக்குக் கீழே க்ளோவ் ஹிட்ச் என்கிற முடிச்சு போட்டு, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு இரண்டு மூங்கிலுக்கும் நடுவே இரண்டு சுற்று இறுக்கி, குறுக்கு மூங்கிலில் இன்னொரு க்ளோவ் ஹிட்ச். நடுவே போடுகிற அந்த இரண்டு சுற்றில்தான் பலம் இருக்கிறது, அதில் சோம்பல்பட்டால் கட்டு ஆடும். நைலான் கயிறு வழுக்கும், பருத்திக் கயிற்றில் பழகுங்கள்.

கூடாரம் அடிப்பதிலும் நம் ஊருக்கு ஒரு தொல்லை உண்டு. அம்மியே பறக்கும் என்கிற ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் வரும், வாசலைக் கிழக்கே பார்த்து வையுங்கள். மார்கழியில் காற்று திசை மாறி கிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது வாசலும் மாற வேண்டும்.

சேவைதான் ரோவரின் குறிக்கோள் சொல். மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம் என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் பஞ்சாயத்துகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கிற பேலியேட்டிவ் நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். அவரிடம் அனுமதி கேட்டு, மாதம் இரண்டு முறை கூடவே போய்ப் பை தூக்குங்கள். படுக்கையில் கிடக்கிற ஒரு பாட்டி தன் வலியைத் தமிழில் சொல்லும்போது பக்கத்தில் நம் பையன் ஒருவன் இருந்தால் நர்ஸுக்கும் லேசாக இருக்கும். தொடர்ந்து ஆறு மாதம் போனால், நிபுணுக்குப் போகும்போது பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

அப்புறம் லாக் புக், அதாவது செய்த வேலைகளைப் பதிவு செய்கிற நோட்டு. நான் மூன்று மாத வேலையை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதினேன். சோதனைக்கு வந்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மூந்நு மாசவும் ஒரே பேனயாணோ?" (மூன்று மாதமும் ஒரே பேனாவா?) என்று மலையாளத்தில் மட்டும் கேட்டார். அவ்வளவுதான், அடுத்த முகாம் வரை காத்திருந்தேன். செய்த வேலை பொய்யில்லை, ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது?

அதனால் அன்றன்றே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யாருடன், என்ன செய்தீர்கள், எது சொதப்பியது. சொதப்பியதைக் கட்டாயம் எழுதுங்கள், கேள்வி கேட்கிறவர் அங்கேதான் நிற்பார், நீங்களும் அங்கேதான் சரளமாகப் பேசுவீர்கள். லீடரின் கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள், ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் அதுவும் ஒரே பேனாதான். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, ஆனால் சோதனைக்கு வருகிறவருக்குத் தமிழ் வாசிக்க வராமல் போகலாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி சுருக்கம் எழுதிவிடுங்கள், சரியா?

ராஜ்ய புரஸ்கார் சோதனை முகாமுக்குப் போகும்போது அந்த ஒரிஜினல் நோட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சீருடை, ஸ்கார்ஃப், நீங்களே கட்டிப் பழகிய கயிறு, வயதுச் சான்று நகல் எல்லாம் அதோடு இருக்கட்டும்.