குதிரைல கட்டி வச்சா விழமாட்டாங்கன்னு நினைக்காதீங்க

மாற்றுத்திறனாளி ஒருத்தர் குதிரை ஓட்டப் போறாருன்னா நம்ம ஆளுங்க முதல்ல தேடுறது கயிறு தான். "இடுப்போட சேத்து கட்டிருவோம், விழமாட்டாரு"ன்னு நல்ல மனசோட தான் சொல்வாங்க, ஆனா குதிரை மிரண்டு சாஞ்சா இவரும் கூடவே சாஞ்சு அடியில மாட்டிக்குவாரு. வெல்க்ரோ பட்டை, ரப்பர் பேண்டு மாதிரி விழுற வேகத்துல தானா கழண்டுக்கிறது மட்டும் தான் வைக்கணும்.

நாலு பேர் சேந்து அலேக்கா தூக்கி முதுகுல தொப்புன்னு வைக்கிறதும் வேண்டாம். வீல்சேர் போற மாதிரி சாய்தளத்தோட ஒரு மேடை போதும், வீல்சேருக்கு மட்டும் குதிரைய முன்னாடியே பழக்கிருங்க.

அப்புறம் ஜீன்ஸ். தண்டுவடத்துல அடிபட்டு இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்லாதவங்களுக்கு தையல் உரசுறதே தெரியாது, சிரிச்சுக்கிட்டே இறங்குவாங்க, பாத்தா தொடை உள்பக்கம் செக்கச்செவேல்னு கெடக்கும், கவனிக்கலன்னா புண்ணாகி மாசக்கணக்குல படுத்தும். உள்பக்கம் தையல் இல்லாத பேன்ட், சேணத்து மேல ஆட்டுரோம விரிப்பு, இறங்கினதும் தோல ஒரு தடவ பாத்துடணும். டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்கள டாக்டர் கழுத்தெலும்ப பாத்து சரின்னு சொல்லாம ஏத்தவே கூடாது.

எனக்கு கடுப்பாகுறது வேற ஒண்ணு. கூட நடக்கிறவங்களே லகான புடிச்சு திருப்பி எல்லாத்தையும் செஞ்சுட்டா மேல இருக்கிறவரு வெறும் பாசஞ்சர் தானே? விரல் மடங்கலையா, லகான்ல வளையம் தச்சுக் குடுங்க. காலால குதிரைக்கு சிக்னல் குடுக்க முடியலையா, ரெண்டு கைலயும் சாட்டை. பார்வை இல்லாதவங்களுக்கு மைதானத்த சுத்தி எங்க திரும்பணும்னு காட்ட வச்சிருக்கிற எழுத்துப் பலகை ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தரா நின்னு குரல் குடுப்பாங்க, அத கேட்டே திரும்பிருவாங்க. டென்மார்க் குதிரை வீராங்கனை லிஸ் ஹார்டெலுக்கு 1944ல போலியோ வந்து முழங்காலுக்கு கீழ வேலை செய்யல, ஏறி இறங்க ஆள் வேணும், ஆனா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல டிரசாஜ்ல, அதாவது குதிரைய சொன்னபடி நேர்த்தியா நடத்திக் காட்டுற போட்டில, வெள்ளி வாங்கினாங்க, அதுவும் பாராலிம்பிக் இல்ல, ஒலிம்பிக்!

வேகமா ஓட்டுனா தான் ஸ்போர்ட்னு அவசரப்படுத்துறவங்களும் உண்டு. பாராலிம்பிக்ல 1996லேர்ந்து இருக்கிற இந்த டிரசாஜ் போட்டில, பாதிப்பு அதிகமா இருக்கிறவங்களோட கிரேடு 1ல குதிரை நடந்தாலே போதும், அதுக்கும் தங்கப்பதக்கம் தான்.

எந்தப் பக்கத்துலேர்ந்து ஏறுறீங்கன்னு பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட கேக்காம அவர்கிட்டயே கேளுங்க. இடப்பக்கம் ஏறுறது வெறும் வழக்கம், வலப்பக்கம் வசதின்னா மேடைய அங்க போடுங்க, பழகிட்டா குதிரை கண்டுக்கவே கண்டுக்காது.