பிள்ளையின் சைக்கிள் ரேஸைப் பார்க்க வெளிநாடு போகிறீர்களா? செட்டிநாட்டுப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஆகஸ்டில் ஜூனியர் உலக டிராக் சைக்கிள் போட்டி ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நடந்தது. ஈசோ ஆல்பன், ரொனால்டோ சிங் ஆகியோர் இருந்த இந்திய அணி டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வாங்கிய போட்டி அது. ஆனால் நம் ஊர் டிராவல் ஏஜென்ட் உடனே டிக்கெட் போட்டுக் கொடுக்கும் பிராங்பர்ட் வேறு. போட்டி நடந்தது போலந்து எல்லையை ஒட்டி, ஓடர் ஆற்றங்கரையில் உள்ள சிறிய பிராங்பர்ட்டில். பெர்லினில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல. பெரிய பிராங்பர்ட்டில் இறங்கினால் இன்னும் சுமார் 600 கிலோமீட்டர் போக வேண்டும். சைக்கிள் ரேஸ்கள் பெரும்பாலும் இப்படிச் சின்ன ஊர்களில்தான் நடக்கும். அதனால் ஊர்ப் பெயரை நம்பி டிக்கெட் போடாதீர்கள். போட்டி அமைப்பாளர் வெளியிடும் வழிகாட்டிக் கையேட்டில் இருக்கும் மைதான முகவரியை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தங்குமிடத்திலும் இதே தவறு நடக்கும். மலேசியாவின் தேசிய வெலோட்ரோம், அதாவது டிராக் சைக்கிள் மைதானம், நீலாயில் இருக்கிறது. திருச்சியிலிருந்து நேர் விமானத்தில் போய் இறங்கும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு அது பக்கம். நம்மவர்களோ சொந்தக்காரர் வீடு இருக்கிறதென்று நகருக்குள் போய்த் தங்கிவிடுவார்கள். காலையில் தகுதிச் சுற்று, மாலையில் பதக்கச் சுற்று என்று ஒரே நாளில் இரண்டு முறை போய்வர வேண்டியிருக்கும்; ஒவ்வொரு முறையும் போக்குவரத்து நெரிசல். அந்த இரண்டு அமர்வுகளுக்கும் நுழைவுச்சீட்டு தனித்தனியாக இருப்பதும் உண்டு. பினாங்கு தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க ஆசை இருந்தால் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீலாயிலிருந்து அது கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். நடுவில் ஓய்வு நாள் இருக்கிறதே என்று கிளம்பினால் மறுநாள் காலைச் சுற்று போய்விடும்.

விசாவும் பெயரும்

பிள்ளை தேசிய அணியில் போனால் அழைப்புக் கடிதம், விசா எல்லாவற்றையும் இந்திய சைக்கிள் சம்மேளனம் பார்த்துக்கொள்ளும். அந்தக் கடிதம் உங்களுக்குச் செல்லாது. நீங்கள் பார்வையாளர், சுற்றுலா விசாவில்தான் போகிறீர்கள். விண்ணப்பத்தில் 'அணி உதவியாளர்' என்று எழுதினால் விசா அதிகாரி அதற்கான ஆவணம் கேட்பார், உங்களிடம் இருக்காது. பிள்ளையின் போட்டியைப் பார்க்கப் போவதாக ஒரு பக்கக் கடிதம், போட்டி அட்டவணை, பிள்ளையின் தேர்வுக் கடித நகல், வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை போதும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடுவது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வர வேண்டும் என்பது விதி. கோடையில் 45 நாள்வரை நீளலாம். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இந்தக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தும். பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் 'போட்டி விளையாட்டு' விலக்கப்பட்டிருக்கும். தனியாக கிளப் ரேஸுக்குப் போகிறவர்கள் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், எலும்பு முறிந்தாலும் செலவு உங்கள் தலையில்தான். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு ரேஸ், கிளாஸ்கோவில் ஒரு ரேஸ் என்றால் இரண்டு விசா.

பெயர் விஷயத்தில் நம் பக்கத்தில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வேறு எழுத்துக்கூட்டு என்றால் உறவை நிரூபிக்கத் திணற வேண்டும். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள். எழுத்து மாறியிருந்தால் நோட்டரி பிரமாணப் பத்திரமும் சேர்த்து வையுங்கள். 18 வயதுக்குள் உள்ள பிள்ளை ஒரு பெற்றோருடன் மட்டுமோ கோச்சுடனோ போனால், வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு கையில் இருக்க வேண்டும்.

தேர்வுப் பட்டியல் பல நேரம் கடைசியில்தான் வரும். அதுவரை காத்திருந்தால் விசா கிடைக்காது. முன்பே டிக்கெட் போட்டால் பணம் போகும். விசாவை முன்கூட்டி வாங்கிவிட்டு, ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலை மட்டும் பதிவு செய்வதே நடைமுறையில் சரி. விமான டிக்கெட்டைப் பெயர் வந்த பிறகு எடுக்கலாம். கொஞ்சம் விலை கூடும், கூடட்டும்.

சைக்கிள் பெட்டி

சொந்தச் செலவில் கிளப் ரேஸுக்குப் போகும் குடும்பம்தான் இதைச் சுமக்கிறது. காரைக்குடிக்கு திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கிலோமீட்டர் வாக்கில். ஆனால் அங்கிருந்து சென்னைக்குப் போகும் விமானங்களில் சில ஏடிஆர் சிறு விமானங்கள். சைக்கிள் பெட்டி அதில் ஏறாமல் நின்றுபோக வாய்ப்பு அதிகம். விமானத்தின் வகையைப் பார்த்து, பெட்டியின் நீள அகலத்தையும் எடையையும் சொல்லி முன்பதிவு எண் வாங்குங்கள். இல்லையென்றால் வேன் வைத்துச் சென்னைக்கே கொண்டுபோய் அங்கிருந்து பறப்பது நிம்மதி. பெரும்பாலான நிறுவனங்களில் 23 கிலோவுக்கு மேல் கூடுதல் கட்டணம். 32 கிலோவைத் தாண்டினால் ஒரே பெட்டியாக எடுக்கவே மாட்டார்கள்.

பெட்டி கட்டும்போது வரும் கோளாறுகளுக்குக் காரணம் அவசரம். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். பின்பக்கம் சங்கிலியை கியர் மாற்றும் டிரெயிலியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சைக்கிள் சட்டத்துக்குள் (ஃபிரேம்) கட்டாவிட்டால், அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி அளவு, போகிற ஊர்க் கடையில் கிடைக்குமென்று நம்ப முடியாது. இரண்டு வாங்கி வையுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் அடைப்பை வைக்க வேண்டும். அது இல்லாமல் யாராவது பிரேக்கை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. சீட் போஸ்ட் எந்த உயரத்தில் இருந்ததோ அங்கே டேப் ஒட்டிவிட்டு இறக்குங்கள். கார்பன் ஹேண்டில்பார் போல்ட்டுகளில் பல 5 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். பாகத்தில் அச்சிட்ட அளவைப் பார்த்து முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள்.

கழற்றக்கூடிய கியர் பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கைப்பையில். எரியக்கூடிய ஸ்பிரே எண்ணெய் எந்தப் பையிலும் கூடாது. காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. போன இடத்தில் வாங்குவதே மேல்.

இன்னொன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பல லட்சம் பெறுமான சைக்கிளைக் கொண்டுபோனால், கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் ஃபிரேமில் இருக்கும் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். பில்லையும் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது 'அங்கே வாங்கியது' என்று தீர்வை கேட்டால் அந்தச் சான்றிதழ்தான் பதில்.

எங்கே நிற்பது

ரோடு ரேஸில் 120 கிலோமீட்டர் போய்ப் பிள்ளையை எட்டு நொடி பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சமதளத்தில் வீரர்கள் கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டரில் போகும். எது நம் பிள்ளை என்று தெரிவதற்குள் போய்விடும். மேட்டில் 20 ஆகக் குறையும், வரிசையும் பிரியும். நிற்க மேடுதான் சரியான இடம். ஒரே வட்டத்தைப் பலமுறை சுற்றும் ரேஸாக இருந்தால் இன்னும் நல்லது. பெல்ஜியத்தின் கெர்மஸ் ரேஸ்கள் அந்த வகை, ஊரைச் சுற்றி சில கிலோமீட்டர் வட்டம். ஒரே திண்ணையில் உட்கார்ந்து பலமுறை பார்க்கலாம். வெளிநாட்டு வீரர் அங்கே ஓட்ட, உரிமத்தோடு நம் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும். அது இல்லாமல் போனால் ரேஸ் எண் கிடைக்காது, பயணமே வீண்.

காரில் பின்தொடரலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். சாலை மூடியபின் உள்ளே போக முடியாது. முன்பே உள்ளே நிறுத்திய காரையும் வெளியே எடுக்க முடியாது. சிவப்புக் கொடி கட்டிய கார் வந்தால் பின்னால் ரேஸ் வருகிறது, பச்சைக் கொடி வந்தால் முடிந்தது. முதல் கூட்டம் போனதும் சாலையைக் கடக்காதீர்கள். பின்தங்கியவர்களும் அணி கார்களும் அதே வேகத்தில் வருவார்கள்.

போட்டோ ஆசைதான் பெரிய ஆபத்து. 2021 ஜூன் 26 அன்று டூர் டி பிரான்ஸின் முதல் நாளில், டிவி கேமராவைப் பார்த்து அட்டை பிடித்து நின்ற ஒருவர் மீது மோதி வீரர்களின் பெரும் கூட்டமே சரிந்தது. வீரர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பதும், கொடியையோ மொபைலையோ சாலைக்குள் நீட்டுவதும் அந்த வகைத் தவறுதான்.

தண்ணீர் பாட்டில் நீட்டுவது

வெயிலில் பிள்ளை வருகிறதே என்று எங்கேயோ நின்று பாட்டில் நீட்டினால் தண்டனை பிள்ளைக்கு வரும். உணவும் தண்ணீரும் தருவதற்குக் குறித்த மண்டலம் உண்டு. அங்கே அடையாள அட்டை பெற்ற அணி ஆட்கள் மட்டுமே கொடுக்கலாம். பொதுவாக முதல் 30 கிலோமீட்டரிலும் கடைசி 20 கிலோமீட்டரிலும் யாரும் கொடுக்கக்கூடாது. நடுவர்கள் வெயிலைப் பார்த்து மாற்றி அறிவிப்பார்கள். கிளப் ரேஸில் நீங்களே உதவியாளர் என்றால் அணி மேனேஜரின் பட்டியலில் பெயர் ஏற்றி, மண்டலம் எங்கே, சாலையின் எந்தப் பக்கம் என்று கேட்டு நில்லுங்கள். தீர்ப்பு தவறென்று தோன்றினாலும் நடுவரிடம் போகாதீர்கள். முறையீடு மேனேஜர் வழியாகத்தான்.

மருந்தும் மசாலாவும்

ஊக்கமருந்து விதியில் பெற்றோரும் 'வீரருக்கு உதவுவோர்' பட்டியலில் வருகிறார்கள். இருமலுக்கு வீட்டில் இருக்கும் சிரப்பைக் கொடுப்பது சாதாரணமாகத் தெரியும். நம் ஊரில் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது, அது எப்போதுமே தடை. சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் போட்டிக் காலத்தில் அளவு மீறினால் தடை. உள்ளடக்கம் எழுதாத லேகியமும் சத்து மாவும் இதைவிட மோசம், ஏனென்றால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் (NADA) மருந்து தேடும் செயலியில் பார்த்துவிட்டு, அணி மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் தர வேண்டும்.

செட்டிநாட்டு மசாலாவுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. அதில் கசகசா சேரும். கசகசாவில் ஒட்டியிருக்கும் மார்பின் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியக்கூடும்; போட்டிக்கு முந்தின நாட்களில் குருமாவும் வறுவல் மசாலாவும் வேண்டாம். சிங்கப்பூர், அமீரகச் சுங்கத்தில் கசகசாவே தடைப் பொருள். அந்த ஊர்கள் வழியாகப் போவதாக இருந்தால் பையில் மசாலாப் பொடி இருக்கக் கூடாது. ஐரோப்பாவுக்குள் இறைச்சித் தொக்கு, நெய், பால்கோவா கொண்டுபோகக் கூடாது. தேன்குழலும் கைமுறுக்கும் பிரச்சினை தராது, உங்களுக்காகத்தான். பிள்ளைக்கு ரேஸுக்கு மூன்று மணி நேரம் முன்பு எண்ணெயும் நாரும் குறைந்த சாதம் போதும். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் அன்றைக்கு வயிற்றில் கனக்கும்.

அப்பத்தா, மாமா, சித்தப்பா என்று எட்டுப் பேர் போனால் ரேஸுக்கு முந்தைய வார்ம்-அப் ஓட்டத்தின்போது எட்டுப் பேரும் பேச ஆசைப்படுவார்கள். அந்த நேரத்தில் கோச் தவிர யாரும் பேசக் கூடாது. பார்க்கும் நேரத்தை ரேஸ் முடிந்தபிறகு என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பணமும் நேரமும்

கடையில் கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, யூரோவிலா' என்று மெஷின் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் கடைக்கார வங்கியின் மோசமான மாற்று விகிதம் விழும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கடிகாரம் மாறும். பெல்ஜியம் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. ஊரிலிருந்து நேரலை பார்க்கிறவர்களும் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

ரேஸ் முடிந்த மாலையே திரும்பும் விமானம் போடாதீர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்தால் 30 நிமிடத்துக்குள் வீரர் அங்கே ஆஜராக வேண்டும். சிறுநீர் போதிய அளவு வரும்வரை வெளியே விடமாட்டார்கள். கடும் வெயிலில் ஓட்டியவருக்கு அதற்கே சில மணி நேரம் ஆகலாம். 18 வயதுக்குள் இருந்தால் கூட ஒரு பெரியவர் இருக்கலாம். கோச்சா, நீங்களா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு பரிசளிப்பு, பிறகு சைக்கிளைக் கழுவிக் காய வைத்துப் பெட்டியில் அடைப்பது. மறுநாள் மதியத்துக்கு மேல் விமானம் இருந்தால், பெட்டி சரியாகக் கட்டப்பட்டதா என்று வெளிச்சத்தில் ஒருமுறை திறந்து பார்க்க நேரம் கிடைக்கும்.