உருமாறும் றோபோ: இணைப்பு முகத்திலிருந்து தொடங்குங்கள்

பாம்பாக ஊர்ந்து, பிறகு நுனிகளைக் கொளுவிச் சக்கரமாக உருளும் றோபோவுக்கு ஒரே மாதிரியான ஆறு கூறுகள் போதும். பலர் மோட்டாரையும் புரோகிராமையுமே முதலில் பார்க்கிறார்கள். முதல் வேலை, இரண்டு கூறுகள் சந்திக்கும் முகம். ஜப்பானின் எம்-டிரான் என்ற உருமாறும் றோபோ தொடக்கத்தில் காந்தத்தால்தான் ஒட்டியது. மூன்றாம் தலைமுறையில் இயந்திரக் கொளுக்கிக்கு மாறியது.

கூறு 80 மி.மீ. கனசதுரம், நடுவே ஒரு மூட்டு, எதிரெதிரே இரண்டு இணைப்பு முகங்கள். முகத்துக்கு 6×3 மி.மீ. நியோடிமியம் காந்தம் எட்டு, விளிம்புக்கு இரண்டாக. முகத்தை நேரே பார்த்து ஒவ்வொரு விளிம்பாக மேலே வரத் திருப்புங்கள்: எப்போதும் இடப்பக்கம் வடமுனை, வலப்பக்கம் தென்முனை. அப்போது எந்த முகமும் எந்த முகத்தோடும் நான்கு வாக்கிலும் ஒட்டும். மூலைக்கொன்றாக நான்கை மாறிமாறி வைத்தால், 90 பாகை திரும்பியதும் தள்ளிவிடும். காந்தம் நேர்ப்படுத்த மட்டும். சுமையைத் தாங்குவது எஸ்ஜி90 சேர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) திருப்பும் கொளுக்கி. அதை எந்தப் பக்கத்திலிருந்தும் கழற்ற முடிய வேண்டும், இல்லாவிட்டால் மின்கலம் தீர்ந்த ஒரு கூறு மற்றதையும் பிடித்துவைத்திருக்கும்.

எடையை 200 கிராமுக்குள் அடக்குங்கள். மூட்டுக்கு அப்பால் ஒரு கூறைத் தூக்க 1.6 கி.கி.-செ.மீ. முறுக்குவிசை வேண்டும், இரண்டுக்கு 4.8, மூன்றுக்கு 9.6. மூட்டைத் திருப்பும் எம்ஜி996ஆர் சேர்வோ 6 வோல்ற்றில் 11 அளவில் நின்றுவிடும். அதில் பாதியையே நம்பலாம். ஆக, இரண்டுதான் எல்லை.

இரண்டு செல் லிப்போ மின்கலத்திலிருந்து சேர்வோவுக்கு 6 வோல்ற், ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுப் பலகைக்கு 5 வோல்ற் என்று தனித்தனி ரெகுலேற்றர் (மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சுற்று) வையுங்கள். ஒரே வழியில் கொடுத்தால், மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து பலகை ரீசெற் ஆகும். சேர்வோ வழியில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவியும் வேண்டும்.

சிக்கல் முற்றுவது வளையத்தை மூடும்போது. மூட்டுக்கு 1 பாகை பிழை ஒரே பக்கம் சேர்ந்தால், ஆறாவது கூறு 7 மி.மீ. அளவில் விலகி நிற்கும்; காந்தம் அவ்வளவு தூரம் இழுக்காது. தரையில் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், மூட்டில் எடை ஏறாது. இரண்டு நுனி முகங்களிலும் அகச்சிவப்பு எல்ஈடியும் அதன் ஒளியை உணரும் உணரியும் பொருத்தி, ஒளி உச்சமாகும்வரை கடைசி மூட்டுகளை மெல்லத் திருத்துங்கள். கம்பியில்லாமல் அனுப்பும் செய்தி கட்டளைக்குப் போதும், ஆனால் எந்த முகத்தில் யார் என்று அது சொல்லாது.

யாழ்ப்பாண வெயிலில் மூடிய காருக்குள் பிஎல்ஏ பிளாஸ்ரிக்கில் அச்சிட்ட கூடு வளையும். அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். பெற்ஜி (PETG) பிளாஸ்ரிக்கில் அச்சிடுங்கள். காந்தங்கள் மோதும்போது நிக்கல் பூச்சு தெறித்து, உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடிக்கும். அவற்றை 0.3 மி.மீ. உள்ளே பதித்து மேலே எபொக்சி பூசுங்கள்.