லட்சத்தீவுக்குக் கிளம்பும் முன்: செய்யக்கூடாத தவறுகள்

லட்சத்தீவின் அகத்தித் தீவுக்கு விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, அப்புறமாகப் பெர்மிட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லட்சத்தீவுக்குப் பெர்மிட்தான் முதல் வேலை. இந்தியராகவே இருந்தாலும், 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வாங்கித்தான் போக முடியும். எந்தத் தீவுக்கு அனுமதி என்பதும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். போன இடத்தில் மனம் மாறி வேறு தீவுக்குத் தாவ முடியாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினரைக் கூட்டிப்போவதானால் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குச் சில தீவுகளில் மட்டுமே அனுமதி.

அடுத்த தவறு, வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு தீவு என்று திட்டம் போடுவது. மொத்தம் 36 தீவுகள். மக்கள் வாழ்வது பத்தில்தான். எல்லாம் சேர்ந்தே 32 சதுர கிலோமீட்டர். ஆனால் கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தூரம் வரை கடலில் சிதறிக் கிடக்கின்றன. விமான நிலையம் இருப்பது அகத்தியில் மட்டும். கப்பலில் போனால் 14 முதல் 20 மணி நேரம் ஆகலாம். பல தீவுகளில் கப்பல் கரைக்கே வராது. பவளத்திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் உங்களை இறக்குவார்கள். படகு மேலே வரும் நொடியில் ஊழியர்கள் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் கையில் பெரிய டிராலி பெட்டி இருந்தால் பெரும்பாடு. தோளில் மாட்டும் பைதான் சரி. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொச்சிக்குத் திரும்பும் அன்றைக்கே ஊருக்கு ரயில் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் எல்லாம் தள்ளிப்போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக்காலம். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உட்புறம் ஆழமில்லாமல் இருக்கும் கடலில், பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது. தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும், அடி வரை கண்ணாடிபோலத் தெரியும். நீருக்கடியில் பார்க்க உதவும் முகமூடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர் தடுமாறியதும் கால் தானாக ஊன்ற இடம் தேடும். அது பாறை என்று நினைத்து மிதிப்பார். மிதிபடுவது உயிரோடிருக்கும் பவளம். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. 1998, 2010, 2016 என்று கடல் சூடாகி வெளுத்துப்போன பவளங்கள் மெல்லத் தேறிவரும் இடம் அது. இந்தத் தீவுகளின் மண்ணே பவளத்தின் துகள்தான். அலையைத் தடுத்துக் கரையைக் காப்பதும் அதுவே. நீச்சல் தெரியாதென்றால் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தபடியே பாருங்கள். கால் வைத்தே ஆக வேண்டுமானால் வெறும் மணல் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

நல்ல தண்ணீரையும் அப்படித்தான் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அங்கே ஆறு கிடையாது. மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்ததே இந்தத் தட்டுப்பாட்டால்தான். ஆகவே, கடலில் குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் ஷவரைத் திறந்துவிடாதீர்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில்களைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அவ்வளவு சிறிய நிலத்தில் குப்பை கொட்ட ஏது இடம்?

தீவு மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடப்பதும், கேட்காமல் பெண்களைப் படம் எடுப்பதும் கூடாது. ஊர்களில் மதுவிலக்கும் உண்டு.

கடைசியாக, பையில் பவளத்துண்டைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கரையில் செத்து ஒதுங்கியதுதானே என்ற சமாதானம் செல்லாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுப்பது குற்றம். ஊருக்கு ஏதாவது வாங்கிப்போக வேண்டுமென்றால் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டைபோலக் காயவைத்த மாசி இருக்கிறது. தேங்காயோடு சேர்த்துச் சம்பல் அரைக்கலாம், மாதக்கணக்கில் கெடாது.