சாட்சிக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் ஒருவருக்கு வழக்கு என்றால், "அண்ணே, நீங்க பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று யாராவது வந்து நிற்பார்கள். முகதாட்சண்யத்துக்குத் தலையாட்டிவிடுகிறோம். சட்டம் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சி சொன்னாலும், பொய் ஆதாரம் தயாரித்தாலும், தண்டனைச் சட்டம் 193ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

அதிகம் நடப்பது, கேட்டதைப் பார்த்ததாகச் சொல்வது. மண்டோர் (தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) ஒருவரை அடித்தார்; நீங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தீர்கள். அடித்தது உண்மைதான். ஆனால் "என் கண்ணால் பார்த்தேன்" என்று சத்தியம் செய்து சொன்னால் அது பொய்ச் சாட்சி. தெரியாததைத் தெரியும் என்பதும் குற்றம் என்று 191ஆம் பிரிவு விளக்குகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே நின்றீர்கள், எந்தக் கை, விளக்கு எரிந்ததா என்று கேட்கக் கேட்க நீங்களே கழன்று விழுவீர்கள். "தெரியாது" என்பது கோர்ட்டில் முழுப் பதில். அதைச் சொல்ல நம்மவர்கள் ஏன்தான் வெட்கப்படுகிறார்களோ!

அடுத்தது காகிதம். வேலைநீக்க வழக்கு வந்தபிறகு கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்), தொழிலாளி வேலைக்கு வந்த நாளுக்கு 'வரவில்லை' என்று எழுதுவது, கொடுக்காத எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பழைய தேதி போடுவது, எல்லாமே 192ஆம் பிரிவு சொல்லும் பொய் ஆதாரம். அந்தப் பிரிவின் உதாரணங்களில் ஒன்றே கடைக் கணக்குப் புத்தகத்தில் பொய்ப் பதிவு எழுதுவதுதான். மாட்டிவிடுவது சின்ன விஷயமாக இருக்கும்: 2018 தேதியிட்ட கடிதம், ஆனால் அதன் தலைப்பில் 2021இல் வாங்கிய போன் நம்பர். நியாயம் தொழிலாளி பக்கம் இருந்தாலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் பாதியை வெட்டி அர்த்தத்தை மாற்றிக் காட்டினால் மீதி நியாயத்தையும் நீதிபதி நம்பமாட்டார். பொய் என்று தெரிந்தே எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) காட்டுவதற்கும் பொய்ச் சாட்சிக்குரிய தண்டனைதான் (198ஆம் பிரிவு).

அக்குவான் பெர்கானுன் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) விஷயத்தில் நம் அலட்சியத்துக்கு அளவே இல்லை. சத்திய ஆணையர் முத்திரை குத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். யாரோ மலாயில் டைப் அடித்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உள்ளது பொய் என்று தெரிந்தே போட்டால், அக்குவான் பெர்கானுன் பற்றிய 1960ஆம் ஆண்டுச் சட்டமும் தண்டனைச் சட்டத்தின் 199ஆம் பிரிவும் உங்களைத்தான் பிடிக்கும்; எழுதிக் கொடுத்தவரோ தனக்குப் பொறுப்பில்லை என்று வாதாடுவார்.

ஆளைப் பயமுறுத்த போலீஸ் ரிப்போர்ட் போடுவது இன்னொரு பழக்கம். செய்யாத குற்றத்தைத் தெரிந்தே சுமத்தினால் 211ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை. சுமத்திய குற்றம் கடுமையானதென்றால் 7 ஆண்டு வரை. ஒருவர் மேல் மரண தண்டனைக் குற்றம் விழ வேண்டும் என்று பொய்ச் சாட்சி சொன்னாலோ 20 ஆண்டு வரை போகலாம்.

அப்புறம் மொழி. அரைகுறை மலாயில் பதில் சொல்லி, முன்பு போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தோடு முரண்பட்டு, பொய்யர் பெயர் வாங்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஏற்கெனவே தவறாகச் சொல்லியோ கையெழுத்திட்டோ இருந்தால், விசாரணை நாளுக்குக் காத்திராமல் உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டவரின் வக்கீல் அவருக்காகத்தான் வாதாடுவார்.