புரோக்கன் சோர்டு ரீஃபோர்ஜ்டு: முதல்முறை ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாரிஸில் இலையுதிர் காலம். சாலையோரக் கஃபே ஒன்றில் ஜார்ஜ் ஸ்டோபார்ட் என்ற அமெரிக்கச் சுற்றுலாப் பயணி உட்கார்ந்திருக்கிறான். கோமாளி வேடம் போட்ட ஒருவன் அக்கார்டியன் பெட்டியோடு உள்ளே போகிறான். ஒரு முதியவரின் கைப்பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். விட்டுப்போன அக்கார்டியன் வெடிக்கிறது. போலீஸ் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. உயிர் தப்பிய ஜார்ஜ் தானே விசாரிக்கப் புறப்படுகிறான். அந்த விசாரணை 1307-இல் பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப் கைது செய்த, சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்கள் வரைக்கும் போகிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் இருக்கும் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் நிறுவனம், சார்லஸ் செசில் தலைமையில் 1996-இல் வெளியிட்ட 'புரோக்கன் சோர்டு' என்ற கேம் இது. அதையே புதிதாகத் தீட்டி, 2024 செப்டம்பரில் 'ரீஃபோர்ஜ்டு' என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். துப்பாக்கி தூக்கிச் சுடும் கேம்களை மட்டுமே ஆடிப் பழகியவர்கள் இதைத் திறந்ததும், 'அடுத்து என்ன செய்யணும்?' என்று திகைத்து நிற்பது உண்டு. இந்தப் பதிவு அவர்களுக்காக. முழுக் கதையையும் அவிழ்க்கப் போவதில்லை. முதல் ஒரு மணி நேரத்தைக் கைபிடித்து நடத்திவிட்டு, அதற்குப் பிறகு தனியாக யோசிக்கத் தேவையானதைச் சொல்கிறேன்.

1. சரியான பதிப்பா என்று பாருங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஒரே கதைக்கு முக்கியமாக மூன்று வடிவங்கள் இருக்கின்றன. 1996-இன் மூலம், 2009-இல் வந்த 'டைரக்டர்ஸ் கட்', 2024-இன் 'ரீஃபோர்ஜ்டு'. டைரக்டர்ஸ் கட்டில் கதை நிக்கோ என்ற பத்திரிகையாளரை வைத்துத் தொடங்கும். அவளுக்கென்று தனிப் பகுதிகள் சேர்த்திருக்கிறார்கள், நாயகன் சாகும் இடங்களை எடுத்துவிட்டார்கள். ரீஃபோர்ஜ்டு அப்படியில்லை. அது 1996 மூலத்தை அப்படியே பின்பற்றுகிறது. ஆகவே கஃபே வெடிப்பில் தொடங்கினால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். நிக்கோவோடு தொடங்கினால் உங்களிடம் இருப்பது வேறு பதிப்பு, கீழே சொல்லும் படிகள் சில ஒத்துவராது.

கணினியில் என்றால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கிடைக்கிறது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களும் ஆடலாம். என்னைக் கேட்டால் கணினியும் மவுஸும்தான் இதற்குப் பொருத்தம். மவுஸுக்காகவே உருவான கேம் இது.

2. தொடங்கும் முன் இரண்டு தேர்வுகள்

பழைய முறையில் ஆடுவதா, கதை முறையில் ஆடுவதா என்று கேம் கேட்கும். பழைய முறை என்றால் 1996-இல் ஆடியவர்கள் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டும். உதவி எதுவும் வராது. கதை முறையில், நீங்கள் தடுமாறும்போது குறிப்புகள் வரும். மவுஸால் கிளிக் செய்து, துப்புத் தேடிப் புதிர் அவிழ்க்கும் இந்த வகைக்குப் பாயின்ட் அண்ட் கிளிக் என்று பெயர். இதுவரை அப்படி ஒரு கேம்கூட ஆடாதவர் என்றால் தயங்காமல் கதை முறையை எடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இந்த வகையில் ஒன்றிரண்டு முடித்திருந்தால் பழைய முறைக்குப் போங்கள்.

அடுத்தது சப்டைட்டில். அதை ஆன் செய்துவிடுங்கள். கேம் முழுக்கப் பேச்சுதான். பிரெஞ்சு, ஐரிஷ் உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுபவர்கள் நிறைய வருவார்கள். ஒரு பெயரோ ஊரோ காதில் சரியாக விழவில்லையென்றால் ஒரு துப்பே நழுவிவிடும். எழுத்தில் பார்த்தால் நிதானமாக மனதில் பதியும்.

பழைய படம், புதிய படம் இரண்டுக்கும் இடையே ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. கஃபே வாசலில் நின்று ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். பழைய படத்தில் சுவரில் வெறும் நிறத் திட்டாகத் தெரிந்தது, புதிய படத்தில் செங்கல் செங்கலாக வரைந்த கோடுகளாக விரியும். கையால் வரைந்த பின்னணிகளை 4கே என்ற மிகத் துல்லியமான அளவுக்கு மறுபடி தீட்டியிருக்கிறார்கள். மனிதர்களின் அசைவுப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவின் துணையை எடுத்துக்கொண்டு, முகத்தையும் கைகளையும் ஓவியர்கள் திருத்தினார்கள். அசல் ஓவியர்களின் கோட்டுக்கு இந்த மறு உருவாக்கம் காட்டும் மரியாதை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குரலும் இசையும் பழையவைதான். ஜார்ஜுக்குக் குரல் கொடுத்தவர் ரோல்ஃப் சாக்ஸன், இசை பாரிங்டன் ஃபெலாங். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

3. மவுஸ் பழகுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். திரையில் நீங்கள் தொடக்கூடிய இடத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், அங்கே என்ன செய்யலாம் என்று காட்டும். பார்ப்பது, எடுப்பது, பயன்படுத்துவது, பேசுவது, வேறு இடத்துக்குப் போவது, இவ்வளவுதான். எடுத்த பொருள் எல்லாம் ஜார்ஜின் பையில் சேரும். பையிலிருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து இன்னொன்றின் மேல் கிளிக் செய்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பான்.

புது இடத்துக்கு வந்ததும் திரை முழுக்க மவுஸை மெதுவாக ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் எடுக்கும் முன் முதலில் பாருங்கள். ஜார்ஜ் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு வரி சொல்வான், பாதித் துப்பு அந்த வரியிலேயே இருக்கும்.

4. பேசுங்கள், காட்டுங்கள், மறுபடி பேசுங்கள்

இந்தக் கேமை ஆடக் கற்றுக்கொள்வது என்றால் முக்கால்வாசி இந்தப் படிதான்.

யாரிடமாவது பேசத் தொடங்கியதும் திரை ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வரும். கோமாளி முகம், நிக்கோவின் முகம், இறந்த முதியவர் என்று ஒவ்வொரு படமும் ஒரு பேச்சுப் பொருள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு முடியுங்கள். அதோடு பையிலிருக்கும் பொருள்களையும் அவர்களிடம் காட்டலாம். புதிதாக ஆட வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். கேள்விகள் தீர்ந்ததும் பேச்சு முடிந்துவிட்டது என்று நகர்ந்துவிடுகிறார்கள். கையில் இருப்பதை எல்லோரிடமும் காட்டினால்தான் பல கதவுகள் திறக்கும். சம்பந்தமே இல்லாத பொருளைச் சம்பந்தமில்லாத ஆளிடம் காட்டினாலும், பெரும்பாலும் அதற்கென்றே எழுதிய பதில் ஒன்று வரும். இந்த எழுத்தாளர்கள் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

புதிய துப்பு ஒன்று கிடைத்ததும், ஏற்கெனவே பேசியவர்களிடம் திரும்பிப் போங்கள். அவர்களோடு பேச ஒரு புதுப் படம் சேர்ந்திருக்கும்.

5. முதல் துப்பு, படிப்படியாக

சரி, இப்போது ஆடிப் பார்ப்போம். இங்கிருந்து இந்தப் படி முடியும் வரை முதல் புதிரின் விடை வருகிறது. நீங்களே முயல விரும்பினால் ஆறாம் படிக்குத் தாவுங்கள்.

வெடிப்புக்குப் பிறகு கஃபேக்குள் போங்கள். பணிப்பெண் அதிர்ச்சியில் இருக்கிறாள், முதியவர் இறந்து கிடக்கிறார். அவளிடம் பேசுங்கள். இன்ஸ்பெக்டர் ரோஸோவும் சார்ஜென்ட் மூவும் வந்து சேர்வார்கள். ரோஸோ கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், நீங்களும் அவரிடம் கேட்க முடிந்ததைக் கேளுங்கள்.

வெளியே வந்தால் ஒரு பெண் கேமராவோடு நிற்பாள். அவள்தான் நிக்கோ கொலார்ட், பத்திரிகையாளர். அவளிடம் எல்லாவற்றையும் பேசி, தொலைபேசி எண் கிடைக்கும் வரை விடாதீர்கள். இந்தக் கதையின் மறுபாதி அவள்.

தெருவில் ஒரு செய்தித்தாள் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தெருவின் இன்னொரு பக்கம் போனால் சாலையைத் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி இருப்பார். அவரருகில் ஒரு கருவிப்பெட்டி. அவர் பக்கத்தில் நிற்கும் வரை அதைத் தொட விடமாட்டார். அவரிடம் பேசுங்கள், பேச்சின்போது செய்தித்தாளை நீட்டுங்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். இப்போது கருவிப்பெட்டியைத் திறந்தால் பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கும் கருவி கிடைக்கும்.

கஃபேக்குப் பக்கத்துச் சந்தில் அந்த மூடி இருக்கிறது. கோமாளி ஓடிய வழியும் அதுதான். கருவியை அதன் மேல் பயன்படுத்தி உள்ளே இறங்குங்கள். சாக்கடையில் சிவப்பு மூக்கு ஒன்று, அழுக்கான காகிதக் கைக்குட்டை ஒன்று, கிழிந்த துணித்துண்டு ஒன்று என மூன்று பொருள்கள் கிடைக்கும். மூன்றையும் எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஏறினால் ஒரு முற்றம் வரும். அங்கே சந்திக்கும் ஆளிடம் கோமாளியைப் பற்றிக் கேளுங்கள், கண்டெடுத்த ஒவ்வொன்றையும் காட்டுங்கள்.

இந்த ஒரு புதிரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செய்தித்தாள் ஒரு மனிதனை நகர்த்தியது. அவர் நகர்ந்ததால் பெட்டி கிடைத்தது, பெட்டியால் மூடி திறந்தது, மூடிக்குக் கீழே மூன்று துப்புகள். கேம் முழுவதும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னியிருக்கும். வழி அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தால், 'இவருக்கு என்ன வேண்டும்?' என்று முதலில் யோசியுங்கள். 'இவரை எப்படி ஏமாற்றலாம்' என்பது இரண்டாவது.

6. நிக்கோ வீடும் வேடக்கடையும்

பாரிஸ் வரைபடம் திறந்ததும் நிக்கோவின் வீட்டுக்குப் போய், கண்டெடுத்தவற்றை அவளோடு பேசுங்கள். சிவப்பு மூக்கு எங்கே விற்கும் என்று யோசித்தால் அடுத்த இடம் தெரிந்துவிடும். வேடக்கடையில், கைகுலுக்கினால் லேசான மின்னதிர்ச்சி தரும் ஒரு விளையாட்டுப் பொருள் உங்களிடம் வந்து சேரும். அதற்கு எங்கே வேலை வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அதுவரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

7. சேவ் செய்யும் பழக்கம்

ஜார்ஜ் சாகலாம். அதிகம் இல்லை, ஆனால் சாகும் இடங்கள் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வருவதில்லை. புது ஊருக்குப் போகும் முன்பும், யாராவது மிரட்டலாகப் பேசத் தொடங்கியதும் சேவ் செய்யுங்கள்.

பாரிஸில் நீங்கள் போகும் உபு ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம். உள்ளே லேடி பியர்மாண்ட் என்ற ஆங்கிலேய மூதாட்டி இருப்பார், அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அங்கே ஒரு பழைய கையெழுத்துப் பிரதியைக் கைப்பற்றுவீர்கள். ஆனால் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள், வெளியே போகிறவனை விடாமல் சோதனை போடுவார்கள். ஹோட்டல் வாசலைத் தாண்டும் முன் கட்டாயம் சேவ். ஆள் வெளியேற ஒரே வாசல்தான். பிரதிக்கும் அதே வாசல்தானா என்று சுற்றிப் பாருங்கள்.

8. அந்த ஆடு

அயர்லாந்தின் லாக்மார்ன் கிராமத்துக்குப் போனதும் ஒரு கோட்டை இடிபாட்டுக்குள் இறங்குவீர்கள். அங்கே கயிற்றில் கட்டிய ஆடு ஒன்று, அகழ்வுக் குழிக்குப் போகும் வழியை மறித்து நிற்கும். நெருங்கினால் முட்டித் தள்ளும். 1996-இல் இந்த ஆட்டிடம் சிக்கித் தவிக்காதவர்கள் குறைவு. பாயின்ட் அண்ட் கிளிக் வரலாற்றிலேயே மிகக் கடினமான புதிர்களில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

கடினத்துக்குக் காரணம் புதிரின் அறிவுக் கூர்மை கிடையாது. அதுவரை இந்தக் கேமில் நேரம் ஒரு பொருட்டே இல்லை, எவ்வளவு நிதானமாகவும் யோசிக்கலாம். திடீரென்று இந்த இடத்தில் சட்டென்று செயல்பட வேண்டும். விதி மாறிவிட்டதை யாரும் சொல்வதில்லை. அதனால் பையிலிருக்கும் பொருளையெல்லாம் ஆட்டிடம் நீட்டிப் பார்த்துச் சலித்தார்கள். இதை நியாயமற்ற புதிர் என்றே நினைக்கிறேன், கேம் எவ்வளவு பிடித்திருந்தாலும்.

வழி இதுதான். வேண்டுமென்றே ஆட்டிடம் முட்டு வாங்குங்கள். ஜார்ஜ் கீழே விழுந்து எழும் அந்த இடைவெளியில், பக்கத்தில் இருக்கும் பழைய உழவுக் கருவியின் மேல் உடனே கிளிக் செய்யுங்கள். அவன் அங்கே ஓடுவான், ஆடு துரத்தி வந்து அதில் கயிறு மாட்டிக்கொண்டு நிற்கும். குழிக்கு வழி கிடைத்துவிடும். பழைய முறையில் ஆடுபவர்களும் இந்த ஒன்றை மட்டும் பார்த்து ஆடலாம், தப்பில்லை.

9. மாட்டிக்கொண்டால்

முதலில் பையைத் திறந்து, இதுவரை பயன்படாத பொருள் எது என்று பாருங்கள். அடுத்து, இந்த ஊரில் அதை இன்னும் யாரிடம் காட்டவில்லை என்று யோசியுங்கள். பத்தில் எட்டு தடவை இதிலேயே வழி பிறந்துவிடும். அப்படியும் நகரவில்லையென்றால் கேமை மூடிவிட்டு நாளைக்கு வாருங்கள். கதை முறையில் இருப்பவர்கள் குறிப்பைப் பார்க்கலாம்.

வழிகாட்டி தேடுவதானால் 1996 பதிப்புக்கோ ரீஃபோர்ஜ்டுக்கோ எழுதியதா என்று முதல் பத்தியிலேயே பாருங்கள். டைரக்டர்ஸ் கட் வழிகாட்டியை எடுத்துவிட்டால் இல்லாத அறையைத் தேடி அலைவீர்கள். முழுதாகப் படிக்காமல், நீங்கள் நிற்கும் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.