ஜிமேட்டை இன்னொரு தடவை எழுதலாமா?

எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் ஸ்கோரைப் பார்த்த சூட்டோடு அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எப்படியும் 16 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள், கட்டணமும் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும்.

முதலில் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) ஸ்கோர்களை எடுத்துப் பாருங்கள். கோச்சிங் சென்டர் வைத்ததை அல்ல, ஜிமேட் நடத்துகிறவர்களே இலவசமாகத் தரும் இரண்டு மாக்கைச் சொல்கிறேன். அதில் 665 வாங்கிவிட்டுத் தேர்வில் 605 என்றால், அன்றைக்கு ஏதோ சொதப்பியிருக்கிறது, யோசிக்காமல் மறுபடி எழுதலாம். மாக்கிலும் 605, தேர்விலும் 605 என்றால் இப்போதைக்கு உங்கள் நிலை அதுதான். படிக்கும் விதத்தை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றினால் பத்து இருபது ஏறலாம், இறங்கவும் செய்யலாம்.

அப்புறம், மார்க் எங்கே போனது என்று பாருங்கள். ஸ்கோர் ரிப்போர்ட்டிலேயே எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று வரும். டேபிள், வரைபடம் பார்த்து விடை சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்வி. ஒரே டேபிளோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசி நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை தட்டியிருந்தால், மூன்று வாரப் பயிற்சியில் சரிசெய்யலாம். வெர்பல் என்ற ஆங்கில வாசிப்புப் பகுதியில் வாதத்தின் ஓட்டையே பிடிபடவில்லை என்றால் மாதக்கணக்கில் ஆகும். தினமும் சென்னை ஓஎம்ஆர் சாலை டிராஃபிக்கில் சோழிங்கநல்லூர் போய் வருகிறவருக்கு அந்த மாதங்கள் எங்கிருந்து வரும் என்பதையும் கணக்குப் போடுங்கள் (சனி, ஞாயிறுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, வீட்டை விட அங்கே வேலை நடக்கும்).

ஆபீஸ் சீனியர் அண்ணன் "எழுநூறு கூட வரலையா?" என்றால் கண்டுகொள்ளாதீர்கள். அவர் எழுதியது பழைய ஜிமேட். இப்போதைய 645தான் கிட்டத்தட்ட அந்த 700. நீங்கள் போக நினைக்கும் காலேஜ் போன வருடம் சேர்த்தவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அதை விட 30, 40 குறைவு என்றால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. பத்துதான் இடிக்கிறது என்றால், என்னைக் கேட்டால், அந்த நேரத்தை விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரைக்குக் கொடுங்கள்; ஐடி வேலையைப் பற்றி நம்மூரிலிருந்து போகும் கட்டுரைகள் பாதி ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

இரண்டாவது தடவை குறைந்துவிட்டால் காலேஜுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். ஸ்கோரைப் பார்த்த பிறகு எதை அனுப்புவது என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

தேதிதான் முக்கியம். வெளிநாட்டுக் காலேஜ்கள் பலவற்றுக்கு விண்ணப்பத்தின் இரண்டாவது ரவுண்டு ஜனவரியில் முடியும் என்பதால் பலரும் டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்லாட் போடுகிறார்கள். சென்னையில் அது மழைக்காலம். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றது அந்த வாரம்தான். அக்டோபரிலேயே எழுதிவிட்டால் நல்லது, அதுவும் சொதப்பினால் நவம்பரில் இன்னொரு தடவைக்கு இடம் இருக்கும்.